படகு நிகழ்வுகளில் இருவழி வானொலி: ஒரு வரலாற்றுப் பார்வை

மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் காவலர் கையில் இருக்கும் வாக்கி டாக்கியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இதுவே இருவழி வானொலி. தரையில் அது பழுதானால் ஓர் ஆளை ஓடவிட்டுச் செய்தி சொல்லலாம். தண்ணீரில் அதற்கு வழியில்லை. அதனால்தான் படகுப் போட்டி, படகு ஊர்வலம் போன்றவற்றை நடத்துவோர் எந்தக் கருவியைத் தேர்வது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வியாகிறது. இதற்கான விடைகள் பெரும்பாலும் விபத்துகளுக்குப் பிறகே கிடைத்தன.

கேட்பவர் இல்லாத அழைப்பு

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அது தந்திக் குறியீட்டில் உதவி கேட்டபோது, அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் வானொலி இயக்குநர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். இரவும் பகலும் ஒருவர் காது கொடுத்திருக்க வேண்டும் என்னும் கருத்து இதன்பின் வலுப்பெற்றது. 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. கருவி இருந்தால் மட்டும் போதாது, மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும் என்பது முதல் பாடம்.

1979: ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டி

இங்கிலாந்தின் கவுஸ் நகரிலிருந்து அயர்லாந்தின் தென்முனையில் உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் இப்போட்டியில் 1979 ஆகஸ்டில் 303 படகுகள் கலந்துகொண்டன. ஆகஸ்ட் 13 இரவு கடும்புயல் தாக்கியது. போட்டியாளர் 15 பேர் இறந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அந்நாளில் எல்லாப் படகுகளிலும் பேசும் கருவி இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. வானிலைச் செய்தியைக் கேட்கும் வானொலி மட்டும் உள்ள படகால் தன் நிலையைச் சொல்ல முடியாது. எந்தப் படகு எங்கே தவிக்கிறது என்று அறியாமல் தேடுவது மீட்புக் குழுவினருக்கு எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். இதன்பின் இப்போட்டியில் எல்லாப் படகுகளிலும் வி.எச்.எஃப். வானொலி கட்டாயமாக்கப்பட்டது.

1998: சிட்னி–ஹோபார்ட் போட்டி

ஆஸ்திரேலியாவில் 1998 டிசம்பர் 26 அன்று 115 படகுகள் புறப்பட்டன. மறுநாள் புயலில் சிக்கி ஆறு பேர் இறந்தனர், ஐந்து படகுகள் மூழ்கின. குறித்த நேரத்தில் ஒவ்வொரு படகும் தன் இருப்பிடத்தை வானொலியில் சொல்வது அங்கே வழக்கம். அன்று முன்னால் சென்ற ‘சுவார்ட் ஆஃப் ஓரியன்’ என்ற படகு தான் சந்தித்த கடும் காற்றின் வேகத்தையும் அறிவித்தது. அச்செய்தி பின்னால் வந்த படகுகளின் காதிலும் விழுந்தது. கைப்பேசியில் பேசினால் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். வானொலியில் பேசினால் அதே அலைவரிசையில் உள்ள அனைவருக்கும் கேட்கும். இது இரண்டாவது பாடம்.

தமிழகக் கடலில்

போட்டிகளில் கண்ட இதே குறை நம் மீனவர் வாழ்விலும் வெளிப்பட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது, தூத்தூர்ப் பகுதி மீனவர் பலர் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தனர். வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. அதன்பின் செயற்கைக்கோள் வழிக் கருவிகளில் கவனம் திரும்பியது. இஸ்ரோவின் முதல் தலைமுறை ஆபத்துச் செய்திக் கருவி ஒருவழியாகவே அழைத்தது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்ற மறுமொழியையும் படகுக்குக் கொண்டுவருகிறது. நடுக்கடலில் தவிப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு!

தேர்ந்தெடுக்கும் முறை

எனவே முதலில் பார்க்க வேண்டியது தொலைவு. ஏரி, கண்மாய் போன்ற சிறு நீர்ப்பரப்பில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் கொண்ட வாக்கி டாக்கி போதும். இந்தியாவில் இதற்கு உரிமம் தேவையில்லை. கடலில் கடல்சார் வி.எச்.எஃப். வேண்டும், அதற்கு உரிமம் பெற வேண்டும். அதன் 16-ஆம் சானல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கு உரியது. அதில் அரட்டை கூடாது. 5 வாட் கைக்கருவி சில கடல் மைல்களே எட்டும். உயரத்தில் ஆன்டெனா பொருத்திய 25 வாட் கருவி அதைவிட வெகுதூரம் எட்டும். அதற்கும் அப்பால் செல்வோருக்கு எச்.எஃப். வானொலியோ செயற்கைக்கோள் கருவியோ தேவை.

அடுத்து, கருவி நீர் புகாததாக இருக்க வேண்டும். மாற்று பேட்டரி வேண்டும். புறப்படும் முன் ஒவ்வொரு படகும் அழைத்துப் பார்த்து மறுமொழி பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் படகு கரை சேரும்வரை கேட்டுக்கொண்டிருக்க ஒருவரைக் கரையில் அமர்த்த வேண்டும். இராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்லும் படகு வரிசையானாலும், பள்ளி மாணவர் ஏரியில் நடத்தும் துடுப்புப் போட்டியானாலும் இது பொருந்தும். பேசுவதற்கு ஒரு கருவி போதும். இருவழி என்பது, கேட்டு மறுமொழி சொல்ல மறுமுனையில் ஒருவர் இருப்பதே.