மலைக்கு வயசு சொல்லும் பல், பொய் சொன்ன லேபிள்

இமயமலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்று எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். அதுக்கு ஆதாரம் பல பேர் வீட்டுப் பூஜை அறையிலேயே இருக்கு. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் சக்கரம் மாதிரி தெரியுதே, அது அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு. அவ்வளவு ஏன், எவரெஸ்ட் உச்சிப் பாறையே கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். வயசு 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். மலை எழும்ப ஆரம்பிச்சது இந்தியா போய் ஆசியா மேல் மோதிய பிறகு, அதாவது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். ஆனா மலையில் இருக்கும் கல் அதைவிட ரொம்பப் பழசு. அந்தக் கல் எந்தக் காலத்துக் கடலில் படிஞ்சது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இந்தப் பதிவு அதைப் பத்தியும், அதில் நடந்த ஒரு பெரிய தில்லாலங்கடி வேலையைப் பத்தியும்.

கண்ணுக்குத் தெரியும் பெரிய புதைபடிவம் கிடைச்சா வேலை சுலபம். ஆனா அது எல்லாப் பாறையிலும் கிடைக்காது. மலை மடங்கும்போது நசுங்கியும் போயிருக்கும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் தேடுவது மண் துகள் அளவு சமாச்சாரங்களை. அதில் முக்கியமானது கோனோடான்ட்.

1856ல் கிறிஸ்டியன் பாண்டர் என்பவர்தான் இதை முதலில் விவரிச்சு எழுதினார். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. சீப்பு மாதிரி, கொம்பு மாதிரி இருக்கும். ஏதோ மீனோட பல் என்று நினைச்சார். எந்தப் பிராணியோட பல் என்பது அதுக்கப்புறம் 100 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் புரியலை. கடைசியில் ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் எடுத்த ஒரு பாறைத் துண்டில் முழு உடம்பின் அச்சு இருந்தது தெரிய வந்து, 1983ல் அது கட்டுரையா வந்தது. விலாங்கு மாதிரி சில சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னக் கடல் பிராணி. இதில் வேடிக்கை என்னன்னா, பிராணி எதுன்னு தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே அதோட பல்லை வச்சு உலகம் பூரா பாறைகளுக்கு வயசு சொல்லிக்கிட்டு இருந்தாங்க!

அது எப்படின்னா, இந்தப் பிராணிகள் சுமார் 30 கோடி ஆண்டுகள் கடலில் வாழ்ந்து, 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ட்ரயாசிக் காலம் முடியும்போது அழிஞ்சு போச்சு. அந்தக் காலம் முழுக்க பல்லோட வடிவம் மாறிக்கிட்டே இருந்தது. ஒவ்வொரு வடிவமும் கொஞ்ச காலம்தான், ஆனா பல கடல்களில் பரவி இருக்கும். பழைய காசில் இருக்கும் ராஜா தலையைப் பார்த்து இது இந்த ஆட்சிக் காலம் என்று சொல்றோம் இல்லையா, அதே கதைதான்.

எடுக்கிற முறையும் எளிமையானது. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். கோனோடான்ட் பல் கால்சியம் பாஸ்பேட். கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் (வினிகரில் இருக்கும் அதே அமிலம்) நாள் கணக்கில் ஊற வச்சா கல் கரைஞ்சிடும், பல் மிஞ்சும். சல்லடையில் வடிகட்டி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொண்ணா பொறுக்க வேண்டியதுதான். பொறுமை உள்ளவங்களுக்கான வேலை :-)

1977ல் இன்னொரு பலனும் தெரிய வந்தது. அனிட்டா எப்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவரோட சகாக்களும், பல்லோட நிறம் சூட்டுக்குத் தகுந்த மாதிரி மாறுது என்று காட்டினாங்க. சூடு படாதது வெளிர் மஞ்சள். சூடு ஏற ஏற பழுப்பு, 300 டிகிரி தாண்டினா கறுப்பு. ஆக, பல்லைப் பார்த்தா பாறை எப்போ படிஞ்சது என்பதோடு, பிறகு எவ்வளவு வெந்தது என்பதும் தெரியும். எண்ணெய் தேடுறவங்களுக்கு இது பெரிய வரம்.

இந்தியாவிலும் இந்த வேலை நல்லா நடந்திருக்கு. ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் எடுத்த ட்ரயாசிக் கோனோடான்ட்களைப் பத்தி ஆர்.கே. கோயல் 1977லேயே கட்டுரை எழுதினார். இவர் பேரை ஞாபகம் வச்சுக்குங்க.

இப்போ தில்லாலங்கடிக்கு வருவோம். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி.ஜே. குப்தா, 1960களில் ஆரம்பிச்சு இமயமலைப் புதைபடிவங்கள் பத்தி 300க்கும் மேற்பட்ட கட்டுரைகள் போட்டார். இந்தப் படிவம் காஷ்மீரில், அது ஹிமாசலத்தில், இன்னொண்ணு நேபாளத்தில் என்று. வெளிநாட்டு நிபுணர்களுக்கு மாதிரிகளைக் கொடுப்பார், அவங்க இனம் கண்டு சொல்வாங்க, கட்டுரையில் அவங்க பேரும் சேரும். எடுத்த இடத்துக்குப் போய்ப் பார்த்தவங்க அவங்கள்ல அபூர்வம்.

ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலண்ட்டுக்கு இது உறுத்தியது. 1987ல் கனடாவின் கால்கரியில் நடந்த டெவோனியன் கால மாநாட்டில் குற்றச்சாட்டை வெளிப்படையாவே வச்சார். 1988ல் கோயல் (ஆமா, அவரேதான்), ஜெயின், பிக்கெட் ஆகியோரோடு சேர்ந்து விரிவான ஆய்வு. 1989ல் நேச்சர் இதழில் கட்டுரை. இமயமலை என்று சொல்லப்பட்ட கோனோடான்ட்கள், நியூயார்க் மாநிலத்தில் ஆம்ஸ்டெல் க்ரீக் என்ற இடத்தில் கிடைப்பதை அப்படியே ஒத்திருந்தன. அம்மோனாய்டுகள் மொராக்கோவில் தோண்டி கடைகளில் விற்கப்படும் சரக்கு மாதிரியே இருந்தன. குப்தா மறுத்தார், அவரோட பதிலும் நேச்சரில் வந்தது. ஆனா பல்கலைக்கழகம் நியமிச்ச விசாரணை 1994ல் அவர் குற்றம் செய்தவர் என்றே முடிவு சொன்னது. இருந்தும் ஓய்வு பெறும் வரை அவர் வேலையில் இருந்தார் என்பது வேற விஷயம்.

எனக்கு இதில் பிடிச்சது மாட்டிக்கிட்ட விதம்தான். படிவங்கள் போலி இல்லை. எல்லாம் உண்மையான, பல கோடி வருஷப் பழசு. நிபுணர்கள் சொன்ன வயசும் பெரும்பாலும் சரியாவே இருந்திருக்கும். பொய் இருந்தது 'எடுத்த இடம்' என்ற ஒரு வரியில். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, டேட்டா சுத்தம், மெட்டாடேட்டா ஃபிராடு. கூட இருந்து கோட் ரிவ்யூ பண்றவங்க டேட்டாவை மட்டும் பார்த்தா இதைப் பிடிக்கவே முடியாது.

ஆனா பல்லுக்கு ஊரும் உண்டு. எந்த இனத்தோட எது சேர்ந்து வருது, எப்படிப் பதப்பட்டிருக்கு என்பதெல்லாம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கைரேகை. வயசு சொல்லக் கத்துக்கிட்ட அதே கண்தான் "இது இந்த ஊர் இல்லையே" என்றும் சொன்னது.

நஷ்டம் யாருக்கு? அந்தக் கட்டுரைகளை நம்பி பழைய கண்டங்கள் எங்கே இருந்தன, எந்தக் கடல் எதோடு இணைஞ்சிருந்தது என்று கணக்குப் போட்டவங்களுக்கு. 300 கட்டுரையில் எது நிஜம், எது பொய் என்று தனித்தனியா பிரிக்கிறது நடக்கிற காரியமா? மறுபடியும் மலை ஏறி, அடுக்கு அடுக்கா அளந்து, கல்லை எடுத்து, அமிலத்தில் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

அதனால "இமயமலையில் அபூர்வப் படிவம் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தா, படிவம் எவ்வளவு பழசு என்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்க: அதே இடத்துக்கு வேற யாராவது போய் அதையே எடுத்திருக்காங்களா? ஸ்பிதிக்கு அந்தக் கேள்விக்கு 'ஆமா' என்று பதில் இருக்கு. கோயலுக்கு அப்புறமும் பல குழுக்கள் போய் ட்ரயாசிக் கோனோடான்ட்களை எடுத்திருக்காங்க. அந்த மலை சொல்லும் வயசை நான் நம்புறேன்.