வன்னியின் பழைய கார்களில் எஞ்சின் ஒயிலும் ஒயில் அழுத்தமும்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பழைய கார் என்றதும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவைதான் நினைவுக்கு வரும். 1940களின் கடைசியிலிருந்து 1970களின் தொடக்கம்வரை இங்கிலாந்தில் தயாரானவை இவை. பொருளாதாரத் தடைக்காலத்தை விட்டுவிட்டு இவற்றின் எஞ்சின் தேய்மானத்தைப் பற்றிப் பேச முடியாது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபுரேட்டருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவார்கள். 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை வன்னி வாகனங்கள் பல இப்படித்தான் ஓடின.  அந்த ஓட்டத்தின் சுமை முழுவதும் ஒயிலின் தலையில் விழுந்தது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிச் சம்ப்புக்குள் இறங்கும். நாளாக ஆகக் குறையவேண்டிய ஒயில் டிப் ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போகும். கம்பியில் ஒட்டியதை விரலில் தேய்த்தால் பசையே இராது, மண்ணெண்ணெய் மணக்கும். இப்படி நீர்த்த ஒயில் பேரிங் இடைவெளியில் தங்காமல் வழிந்துவிடுவதால் அழுத்தம் விழும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் குறைவானதால் எஞ்சின் தட்டும். அந்த அடி பேரிங்கை இன்னும் தளர்த்தும்.

பிற்கால மைனரின் ஏ வரிசை எஞ்சின் சூடேறி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவிலும், ஓடாமல் நின்று இயங்கும்போது 15 அளவிலும் அழுத்தம் காட்டுவது நல்லது. எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பக் கூடாது. அழுத்தம் மிகத் தாழ்ந்த பிறகுதான் அது எரியும். அழுத்தமானி ஒன்றைப் பொருத்துவதே பாதுகாப்பு.

இந்த எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 தாது ஒயில் பொருந்தும். குளிரில் ஓடும் தன்மையைச் சொல்லும் முன்எண் வன்னி வெயிலில் பெரிதல்ல, சூட்டில் தடிப்பைச் சொல்லும் பின்எண்தான் முக்கியம். புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களில், புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைக் காக்கவென்று துத்தநாக-பொஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்திருக்கிறார்கள். கேமில் நேரே உராயும் பழைய தப்பெற்றுகளுக்கு அது போதாது.

அழுத்தம் குறைந்தால் இன்னும் தடித்த ஒயிலை ஊற்றுவது பலருடைய வழக்கம். அது நோயை மறைக்கும், தீர்க்காது. முதலில் ஒயிலையும் பில்ரரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அழுத்தத் தணிப்பு வால்வின் ஸ்பிறிங்கைக் கழற்றி, அது தளர்ந்திருக்கிறதா, வால்வு இருக்கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். அவை சரியென்றால் பம்ப்பைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் கிராங்கைக் கடைந்து, அளவு குறைந்த பேரிங் போடுவதைத் தவிர வழியில்லை.

போர்க்கால இடப்பெயர்வில் கைவிடப்பட்டு வருடக்கணக்காக நின்ற காரை உடனே ஸ்ராற் பண்ணக் கூடாது. பழைய ஒயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றி வலைவடியிலுள்ள சேற்றைக் கழுவி, புது ஒயில் விட வேண்டும். பிளக்குகளை எடுத்து ஹாண்டிலால் மெல்லச் சுற்றிப் பார்த்து, இறுக்கமில்லையென்றால் ஸ்ராற்றர் மோட்டரால் சுழற்றலாம். மானியின் முள் எழும்பிய பிறகே பிளக்கைத் திரும்பப் பூட்ட வேண்டும்.