நீர்ப்பந்தாட்டத்தின் நடுவர்

விளையாட்டின் சரித்திரத்தைக் கூறுவோர் பெரும்பாலும் வென்றவர்களின் பெயரையே கூறுவர். ஆட்டத்தை ஆட்டமாகவே நடக்கச் செய்த நடுவரை நினைப்பவர் சிலரே. இன்று அத்தகைய ஒருவரைப் பற்றிச் சிந்திப்போம். அவர் நீர்ப்பந்தாட்டம், அதாவது வாட்டர் போலோ ஆட்டத்தின் நடுவர்.

பிற ஆட்டங்களில் குற்றம் கண்முன்னே நிகழ்கிறது. இவ்வாட்டத்திலோ பாதிக் குற்றம் நீருக்கடியில் மறைந்திருக்கும். அணிக்கு எழுவர், அவர்களுள் ஒருவர் இலக்குக் காவலர். நீருக்கு மேலே சிரித்த முகம் தெரியும். கீழே ஒரு கை எதிரியின் உடையைப் பற்றியிருக்கும். காணாததைக் கண்டதாகச் சொல்லவும் கூடாது. கண்டதைக் காணாததுபோல் விடவும் கூடாது. இந்த இக்கட்டிலிருந்தே நடுவரின் வரலாறு பிறக்கிறது.

இவ்வாட்டம் 1870-களில் பிரிட்டனில் தோன்றியது. ஆற்றிலும் குளத்திலும் நடந்த நீச்சல் விழாக்களில் மக்களை மகிழ்விக்க ஏற்பட்ட வேடிக்கை அது. 'போலோ' என்னும் பெயர், பந்தைக் குறிக்கும் பால்டி மொழிச் சொல்லான 'புலு' என்பதிலிருந்து வந்தது என்பர். தொடக்கத்தில் அது நீரில் நடந்த மல்யுத்தமாகவே இருந்தது. பந்தைப் பிடித்தவனை நீருக்குள் அமிழ்த்துவர்; அவனும் பந்தோடு மூழ்கி வேறோரிடத்தில் எழுவான். இலக்குக் காவலர் கரையில் நின்று, நெருங்கி வருபவர்மேல் பாய்வதும் உண்டு. கரையிலிருந்தவர்கள் கைகொட்டினர். ஆனால் எது ஆட்டம், எது அடிதடி என்று சொல்வார் இல்லை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் வில்சன் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் இதற்கு விதிகளை வகுத்தார். 1885-இல் பிரிட்டனின் நீச்சல் சங்கம் இவ்வாட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1890-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. இரு நாட்டார் ஒரே குளத்தில் இறங்கும்போது இருவகை விதிகள் உதவா அல்லவா? பொதுவிதியும், அவ்விதியைக் காக்கும் நடுவரும் இன்றியமையாதவர் ஆயினர். 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் இடம்பெற்றது. 1908-இல் உலக நீச்சல் கூட்டமைப்புத் தோன்றி, விதிகளை உலகுக்குப் பொதுவாக்கியது.

விதி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பழைய குற்றம் ஒளிந்திருக்கிறது. எதிரி தாக்கும்போது பந்தை நீருக்குள் அழுத்தலாகாது என்னும் விதி, பந்தோடு மூழ்கியவனை நினைவூட்டுகிறது. பழைய நாளில், ஊதல் ஒலித்தால் ஆட்டக்காரர் அனைவரும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தடை நீங்கியது. ஆட்டத்தின் வேகம் பெருகியது; நடுவரின் கண்ணும் காலும் விரைய வேண்டியதாயிற்று.

அக்காலத்து நடுவர் ஒருமுனையில் வெள்ளைக் கொடியும் மறுமுனையில் நீலக் கொடியும் கட்டிய கோலுடன் குளத்தின் ஓரம் நடப்பார். எவ்வணிக்குப் பந்து உரியதோ அதன் குல்லாய் நிறத்தைக் காட்டுவார். பின்னர்க் கொடிக்கோல் மறைந்தது, கைகளே மொழியாயின. ஒரு கை தாக்கும் திசையைக் காட்டும். மறுகை பந்து புகும் இடத்தைக் காட்டும். குற்றம் செய்தவரின் எண்ணை விரல்கள் சொல்லும். ஒருவர் செய்த வேலையை, இன்று குளத்தின் இருமருங்கும் இருவர் பகிர்ந்து செய்கின்றனர். நீரின் இரைச்சலில் வாய்ச்சொல் கேளாது; ஆதலால் தெளிவான சைகையே தீர்ப்பாகிறது.

நடுவரின் அறிவை முற்றும் சோதிப்பது வேறொரு விதி. குற்றம் நடந்தாலும், குற்றம் செய்த அணிக்கே நன்மை தருமாயின், ஊதலை ஊதாதிருக்க நடுவருக்கு உரிமை உண்டு. இலக்கை நோக்கி விரைபவனை ஒருவன் பின்னிருந்து பற்றினான் என்க. உடனே ஊதினால், பந்தை எறியும் வாய்ப்பு அவனுக்குப் போய்விடும். தடுத்தவனே பயன் பெறுவான். எப்போது ஊதுவது என்பதைப் புத்தகம் சொல்லும். எப்போது ஊதாதிருப்பது என்பதைப் பழக்கமே கற்பிக்கும்.

நடுவரின் பொறுப்பை உலகம் நன்கு உணர்ந்த நாள் 1956 டிசம்பர் 6. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதின. அதற்கு முந்திய மாதம் 4-ஆம் நாள்தான் புடாபெஸ்டில் சோவியத் டாங்கிகள் புகுந்து மக்கள் எழுச்சியை நசுக்கியிருந்தன. அந்தக் கசப்பு குளத்திலும் கலந்தது. ஹங்கேரி 4–0 என முன்னணியில் நின்றது. முடிவுக்குச் சற்று முன் ஊதல் ஒலித்தது. எதற்காக என்று அறிய நடுவர் பக்கம் திரும்பியதாக எர்வின் சாடோர் பிற்காலத்தில் கூறினார். அந்தக் கணத்தில் எதிரணியின் புரோகோபோவ் அவர் முகத்தில் தாக்கினார். குருதி வழியச் சாடோர் கரையேறினார். பார்வையாளர் கொதித்தெழுந்தனர், காவலர் வந்து அவர்களை அடக்கினர். ஆட்டம் நிறுத்தப்பட்டது, வெற்றி ஹங்கேரிக்கு வழங்கப்பட்டது. இறுதியாட்டத்தில் சாடோர் ஆட இயலவில்லை. எனினும் அவருடைய அணி யூகோஸ்லாவியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றது.

அன்று ஒரு நடுவரின் ஊதலால் இரு நாடுகளின் பகையை ஆற்ற முடியவில்லை. ஆனால் ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்னும் கேள்வி அவர் முறைமைக்குள் அடங்கியதே.

நம் நாட்டுக்கும் இவ்வாட்டத்தில் பெருமை உண்டு. 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்திய அணியே தங்கம் வென்றது. ஆட வருவோர் பலர். நடுவராக வருவோர் மிகச் சிலர். ஆடித் தேர்ந்தவர்களும், ஆடாவிடினும் நுணுகிக் கற்றவர்களும் முதலில் விதிகளைப் பயில்வர். பின் சிறுவர் ஆட்டங்களில் ஊதுவர். தவறுவர்; மூத்தவரிடம் கேட்டுத் திருந்துவர். படிப்படியாக உயர்ந்து உலகப் போட்டிகளை அடைவர். குறுக்குவழி இல்லை.

நண்பர்களே! நன்றாக நடத்திய நடுவரின் பெயரை மாலையில் யாரும் நினைப்பதில்லை. அதுவே அவர் வெற்றி. கண்டதை அஞ்சாது கூறும் உள்ளமும், தன் தவற்றை ஒப்பும் பணிவும் உடையவரே அவ்விடத்துக்கு உரியவர். குளத்தின் கரையில் மட்டுமன்று, வாழ்வின் எல்லாக் கரையிலும் அத்தகையோர் வேண்டும்.