பாலிப்

கிரேக்கத்தில் 'பல கால்' என்று பொருள். பேய்க்கணவாய்க்கு வழங்கிய பெயரையே மூக்கினுள் வளரும் சதைக்கும் பண்டை மருத்துவர்கள் சூட்டினர். உண்மையில் அதற்குக் காலேது? தோலுரித்த திராட்சைபோல் வெளிறி, வழவழப்பாகத் தொங்கும். தொட்டால் பெரும்பாலும் வலிக்காது.

மலேசியாவின் மெர்சிங்கில் காதில் விழும் மலாய்ச் சொல் 'ரெஸ்டுங்'. சைனஸ், ஒவ்வாமைச் சளி எல்லாம் அதில் அடங்கிவிடும். சித்த மருத்துவத்தின் 'பீனிச'மும் (வடமொழிப் 'பீனச'த்தின் வழி வந்தது) அப்படியே விரிந்த சொல். இந்தப் பொதுப்பெயர்களில் பாலிப் மறைந்துவிடுவதுதான் என் கவலை. அடுப்பில் பெலாச்சான் (இறால் விழுது) வறுபடும் மணமே மாதக்கணக்கில் தெரியவில்லையா? வெறும் ரெஸ்டுங் என்று விடாமல் மருத்துவரிடம் மூக்கைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

ஹிப்பாக்ரட்டிஸ் மரபில் கடற்பஞ்சை நூலில் கட்டி, மூக்குவழி தொண்டைக்கு இழுத்துச் சதையைப் பிடுங்கினார்கள். இன்று உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் முதல் சிகிச்சை. அடங்காவிட்டால் எண்டோஸ்கோப் அறுவை. சதை திரும்ப வளரக்கூடியது, அதனால் அறுவைக்குப் பிறகும் ஸ்பிரே தொடரும். பாதிப்பு கடுமையாக உள்ளவர்களுக்கு டுபிலுமாப் ஊசி உண்டு; அமெரிக்கா 2019இல் இந்நோய்க்கு ஒப்புதல் தந்தது. ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் மூச்சை அடைக்கும். அதை மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.