சூரனும் கொட்சில்லாவும்

ஐப்பசி மாதத்துக் கந்தசஷ்டி நாளன்று மாலை யாழ்ப்பாணக் குடாநாட்டு முருகன் கோயில்களின் வீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். இளைஞர் பலர் தோள்கொடுத்துச் சுமக்க, மரத்தாற் செய்த சூரனுருவம் எழுந்து வரும். உருட்டி விழிக்கும் கண்களும் வளைந்த பற்களும் கொண்ட அவ்வுருவத்தைச் சுமப்போர் முன்னும் பின்னுமாக அசைத்து ஆட்டுவர். மேளம் முழங்கும். சிறுவர்கள் அலறிக்கொண்டு ஓடுவர். ஓடியவர் பத்து அடி சென்றதும் திரும்பி நிற்பர். சூரன் பின்வாங்கினால் மறுபடியும் அவன் முன்னே வந்து நிற்பர். சங்காரம் முடிந்து வீடு திரும்பும் வழியிலும் அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் சூரனைப் பற்றியதாகவே இருக்கும்.

அஞ்சத்தக்க ஒன்றை நாடிச் செல்லும் இந்த விருப்பம் மனித குலத்திற்குப் பொதுவானது. யப்பானியர் படைத்த இராட்சத உருவங்களுக்கும், மேனாட்டார் எடுத்த திகிற் படங்களுக்கும் உலகெங்கும் இரசிகர் கூட்டம் திரண்ட வரலாற்றை ஆராய்வோர், அதன் வேரை இத்தகைய கோயில் வீதிகளிலும் காணக்கூடும்.

பழந்தமிழர் இவ்வுணர்ச்சியை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் அச்சத்தை ஒன்றாக வைத்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் ஆகிய நான்கும் அச்சம் பிறக்கும் இடங்கள் என்பது அவர் கொள்கை. வியப்பாகிய மருட்கைக்கும் அவர் நான்கு நிலைக்களன் கூறினார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. ஆக்கமாவது ஒன்று வேறொன்றாக மாறுதல். சூரனிடத்து இவ்விரு மெய்ப்பாடுகளும் கலந்து நிற்கின்றன. அவன் அச்சுறுத்தும் கொடியவன். அதே வேளையில் அளவிறந்த பெருமையும் கணந்தோறும் உருமாறும் ஆற்றலும் உடையவன். அச்சம் மட்டும் இருந்தால் சிறுவன் வீட்டுக்கு ஓடிவிடுவான். மருட்கையே அவனைத் திரும்பி நிற்கச் செய்கிறது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில் அமைந்த மானிப்பாய், இவ்வகைக் கற்பனைக்கு ஏற்ற ஊராகும். பனங்கூடல்களும் வயல்களும் சூழ்ந்த இவ்வூரிலும் அயற் கிராமங்களிலும் மின்விளக்கு வராத காலத்து இரவுகளில், கொள்ளிவாய்ப் பேயும் முனியும் பாட்டிமாரின் வாய்மொழியில் வாழ்ந்தன. அவற்றுக்கு அஞ்சிய பிள்ளைக்கு ஒழுங்கை முடக்கில் இருந்த வைரவர் சூலமே துணையாயிற்று. அந்த வைரவரும் உக்கிர மூர்த்தியே. அஞ்சத்தக்கதை விரட்ட அஞ்சத்தக்க வடிவமே காவல் நிற்பது கிராம வழிபாட்டின் இயல்பு. ஊரின் நடுநாயகமாக விளங்கும் மருதடி விநாயகருக்குச் சித்திரைப் புத்தாண்டு நாளிலே தேர் ஓடுகிறது. அப்பெருமானின் ஊர்தியாகிய மூஞ்சூறு முன்பு கயமுகன் என்னும் அசுரனாக இருந்தது எனக் கந்தபுராணம் கூறும். அசுரன் அழிந்தொழியாது ஊர்தியாக மாறிய கதையை மானிப்பாய்ப் பிள்ளைகள் நாள்தோறும் கண்முன்னே கண்டு வளர்ந்தனர்.

இவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மனித உடற்கூற்றை விளக்கும் நூல்களும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அதற்கு முப்பது ஆண்டு முன்பாக, 1818இல், இங்கிலாந்தில் மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கென்ஸ்டைன்’ நாவல் வெளிவந்திருந்தது. பிண அறையிலே சேர்த்த உறுப்புகளைப் பொருத்தி உயிரூட்டிய மாணவன், தான் படைத்ததைக் கண்டு அஞ்சிக் கைவிட்ட கதை அது. உடற்கூற்றறிவு ஒருபுறம் திகிற் கதைக்கு வித்தாயிற்று. மானிப்பாயிலோ அதே அறிவு நோயாளரின் துயர் தீர்த்தது. அறிவு அஞ்சத்தக்கதாவது அதனைக் கையாள்வோன் தன் பொறுப்பைத் துறக்கும்போதுதான் என்ற உண்மை இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவார்க்குப் புலப்படும்.

அந்நாவல் 1931இல் ஹொலிவூட்டில் படமாயிற்று. அதே ஆண்டில் ‘டிராகுலா’ படமும் வெளிவந்தது. டிராகுலாவாக பேலா லுகோசியும், பிராங்கென்ஸ்டைன் படைத்த உருவமாக பொரிஸ் கார்லொவ்வும் நடித்தனர். கார்லொவ் பேசாத அவ்வுருவத்துக்குக் கண்களாலும் கைகளாலும் உயிர் கொடுத்தார். அஞ்சச் சென்றவர்கள் இரங்கித் திரும்பினர். 1957இல் இப்பழைய படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது, அவை வெளிவந்த காலத்திற் பிறந்தேயிராத சிறுவர் அவற்றின் இரசிகராயினர். மறு ஆண்டில் அவர்களுக்கென்றே ஒரு சஞ்சிகையும் தோன்றிற்று. பெரியோர் மறந்த படங்களைச் சிறுவர் மீட்டெடுத்த விந்தை அது.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படங்களுக்கு இடமளித்தது றீகல் தியேட்டர். ஏனைய அரங்குகளில் தமிழ்ப்படங்களே கோலோச்சின. தமிழ்த் திரையும் இராட்சதரை மறக்கவில்லை. 1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’யில் மந்திரவாதியாகத் தோன்றிய எஸ். வி. ரங்காராவ், 1957இல் ‘மாயா பஜார்’ படத்தில் கடோற்கசனானார். திருமண விருந்து முழுவதையும் தனியொருவனாக உண்டு தீர்க்கும் அந்த இராட்சதனைக் கண்டு எவரும் அஞ்சியதில்லை. குடும்பத்தின் மானங் காக்க வந்த செல்லப் பிள்ளையாகவே மக்கள் அவனை ஏற்றுக்கொண்டனர்.

இனி யப்பானின் கதையை நோக்குதல் தகும். 1954 மார்ச் 1ஆம் நாள் பிக்கினித் தீவில் அமெரிக்கா நிகழ்த்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையின் கதிரியக்கச் சாம்பல், 23 பேருடன் சென்ற யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது பொழிந்தது. அப்படகின் வானொலி இயக்குநர் அதே ஆண்டு செப்டெம்பரில் உயிர்நீத்தார். நவம்பர் 3ஆம் நாள் டோஹோ நிறுவனத்தின் ‘கொட்சில்லா’ திரைக்கு வந்தது. குண்டுப் பரிசோதனையால் கடலடியிலிருந்து கிளர்ந்தெழுந்த பெருவிலங்கு தோக்கியோ நகரை எரிப்பதே அதன் கதை. யப்பானியர் அதனைக் ‘கோஜிரா’ என்பர். கொரில்லாவையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ என்னும் யப்பானியச் சொல்லையும் இணைத்து அமைந்த பெயர் அது.

இயக்குநர் இஷிரோ ஹொண்டா, போர் முடிந்து தாயகம் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சிதைவுகளைக் கண்டவர். அதனால் அப்படத்தில் எரியும் நகரம் விளையாட்டாகத் தோன்றவில்லை. கதிரியக்கம் பட்ட குழந்தையை மருத்துவர் கருவிகொண்டு சோதிக்கும் காட்சியும், தந்தையை இழந்த குழந்தைகளைத் தாய் அணைத்தபடி நெருப்பின் நடுவே இருக்கும் காட்சியும், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டார் உண்மையிலே பட்ட துயரத்தின் நிழல்கள். ஏறத்தாழ 96 இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர்.

தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, 1933இல் வந்த ‘கிங் கொங்’ படத்தால் உள்ளங் கவரப்பட்டவர். பொம்மையை அணுவணுவாக நகர்த்திப் படம்பிடிக்கக் காலமும் பணமும் போதாமையால், அவர் மனிதனுக்கே இராட்சத உடையை அணிவித்தார். அதனை அணிந்த ஹருவோ நக்காஜிமா, மிருகக்காட்சிச் சாலைக்குச் சென்று கரடியும் யானையும் நடக்கும் முறையைக் கற்றார். முதலிற் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோகிராம் நிறையுடையது. விளக்குகளின் வெப்பத்தில் சில நிமிடங்களுக்கு மேல் அதனுள் இருத்தல் அரிதாயிற்று. உறுமல் ஒலியோ, பெரிய நரம்பிசைக் கருவியின் தளர்த்திய நரம்பைத் தோலுறையால் உரசிப் பெறப்பட்டது. சூரனைத் தோளிற் சுமந்து வியர்வை சிந்தி ஆட்டும் இளைஞரும் நக்காஜிமாவும் ஒரே தொழிலைச் செய்தவர் என்றால் அது மிகையாகாது. இராட்சதனின் உள்ளே இருப்பவன் எப்போதும் மனிதனே.

காலப்போக்கில் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1964 இறுதியில் வெளிவந்த படத்தில், மூன்று தலை கொண்ட கிடோராவை எதிர்த்துக் கொட்சில்லாவே உலகைக் காத்தது. நகரை அழித்தது நகரின் காவலாயிற்று. 1966 யூலையில் சுபுராயாவின் நிறுவனம் ‘அல்ட்ராமான்’ தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. வேற்றுலகிலிருந்து வந்த அவ்வீரன் ஏறத்தாழ மூன்று நிமிடமே இவ்வுலகில் நின்று போர் புரிய வல்லவன். 39 பகுதிகளைக் கொண்ட அத்தொடரின் இறுதியில் அவன் வீழ்கிறான். பகையை மனிதரே தம் முயற்சியால் வெல்கின்றனர். அத்தொடரில் வரும் ஜமிலா என்னும் இராட்சதன், தன் நாட்டினரால் விண்வெளியிற் கைவிடப்பட்டு உருமாறிய மனிதன். அவன் மாண்டபோது சிறுவர்கள் மகிழ முடியவில்லை. 1974இல் தாய்லாந்து நிறுவனமொன்றும் சுபுராயா நிறுவனமும் கூடி எடுத்த படத்தில் அல்ட்ராமான் வீரர்கள் அனுமனோடு தோள் சேர்ந்து போரிட்டனர். இராமகாதை வழங்கும் நாட்டில் புதிய வீரர்க்குப் பழைய வீரனே உறவினனானான்.

இத்தகைய படங்கள் பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கும் என்று பெற்றோரும் ஆசிரியரும் பல நாடுகளில் கூறிவந்தனர். அக்கவலையைப் புறந்தள்ளல் ஆகாது. குருதியையே காட்டிப் பொருளீட்டும் படங்களும் உண்டு. ஆயினும் கதையின் அச்சத்துக்கும் வாழ்வின் அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாழ்ப்பாண மக்களைப் போல அறிந்தவர் சிலரே. 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதொழிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். வானத்து இரைச்சல் கேட்டதும் பிள்ளைகள் பதுங்குகுழிக்கு ஓடினர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், கந்தசஷ்டியை அண்டிய பொழுதிலே, மானிப்பாய் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று ஓடிய பிள்ளைகள் திரும்பி நின்று பார்க்கவில்லை. அந்த அச்சத்தில் மருட்கை இல்லை. அதற்கு மங்களமும் குறிக்கப்படவில்லை.

கதையின் அச்சமோ எல்லை வகுக்கப்பட்டது. சூரன் எந்த வீதியில் வருவான், எந்த முகத்தோடு வருவான், எப்போது வீழ்வான் என்பதைச் சிறுவன் அறிவான். ஹிரோஷிமாவுக்குப் பின் யப்பானியர் தம் பெருந்துயருக்கு ஓர் உருவம் கொடுத்துத் திரையிலே நிறுத்தி, விளக்கு எரிந்ததும் எழுந்து வீடு சென்றனர். உருவம் பெற்ற துயரை நோக்கலாம், அதனோடு பேசலாம், ஒருநாள் அதற்காக இரங்கவும் கூடும்.

இங்குதான் மானிப்பாயின் மூஞ்சூறும் தோக்கியோவின் கொட்சில்லாவும் ஒரு நேர்கோட்டில் நிற்கின்றன. யானைமுகமும் சிங்கமுகமும் காட்டிப் பொருத சூரபன்மன், இறுதியில் மாமரமாகி, வேலாற் பிளவுண்டு, சேவலும் மயிலுமாக மாறினான். சேவல் கொடியாயிற்று, மயில் ஊர்தியாயிற்று. இடம்பெயர்ந்த மக்கள் மீண்டு வந்த பின் கோயில் வீதிகளிற் சூரன் மறுபடியும் எழுந்தான். சிறுவர் அலறி ஓடினர். பத்து அடி சென்றதும் திரும்பி நின்றனர்.