சாய்கோடு சொல்வது என்ன? மாடர்ன் தியேட்டர்ஸ் இசைத்தட்டுகளும் ஸ்டீரியோ வாதமும்

சேலம் ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் அறுபதுகளின் பாடல்கள், 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966) ஆகிய படங்களுக்கு வேதா இசையமைத்தவை உட்பட, ஸ்டீரியோ முறையிலேயே பதிவாயின என்று எனக்கு முன் இத்துறையில் எழுதிய அன்பர் ஒருவர் சாதிக்கிறார். அவர் உழைப்பில் எனக்கு மதிப்புண்டு, முடிபில் உடன்பாடில்லை.

அவர் காட்டும் பிரமாணங்கள் இரண்டு. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம்பெச்ச கோட்டு' (1961) ஆகியவற்றைத் தந்ததாகையால், ஒலியிலும் அது முந்தியிருத்தல் வேண்டும் என்பது முதலாவது. இது பிரமாணமன்று, அபிமானம். வண்ணம் திரையில் தெரியும். டிக்கெட் வாங்கியவன் கண்ணாரக் காண்பான். ஆனால் படச்சுருளின் ஓரத்தில் ஒற்றை ஒளித்தடமாக ஓடிய ஒலியை ஒரே ஒலிபெருக்கி வழியே கேட்ட ராசிபுரத்து டூரிங் டாக்கீஸ் ரசிகனுக்காக, இரண்டு தடங்களில் பதியும் செலவை எந்த முதலாளி ஏற்றிருப்பார்? சிக்கனத்துக்கும் கண்டிப்புக்கும் பெயர்போன சுந்தரம் வளர்த்த நிறுவனம் நிச்சயமாக ஏற்றிராது.

இரண்டாவது பிரமாணம் கனமானது. பிற்காலத்து எச்.எம்.வி. தட்டுகளின் லேபிளில், பட்டியல் எண்ணுக்கு முன்பாக 'எஸ்' என்ற எழுத்தும் அதையடுத்து ஒரு சாய்கோடும் அச்சாகியுள்ளன. அன்பர் அதனை ஸ்டீரியோ ஒலிப்பதிவின் சாசனமாகவே வாசிக்கிறார். நாமக்கல்லில் ஓர் இல்லத்தில் எனக்குப் பார்க்கக் கிடைத்த, அறுபதுகளின் பாடல்களைத் தொகுத்த எல்.பி. ஒன்றும் அக்குறி தாங்கியதே. மோனோ பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டுமே அசையும்; ஸ்டீரியோவிலோ பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் தனித்தனிச் செய்தி தாங்குவதால் மேலும் கீழும்கூட அசையும். ஆகவே ஒரு தடத்தைத் தலைகீழாக்கி மற்றதனுடன் கூட்டினால், இரண்டுக்கும் பொதுவானதெல்லாம் மறைந்து, வேறுபடுவது மட்டும் எஞ்சும். அந்த எல்.பி.யை ஓட்டி அவ்வாறு செய்தபோது குரல் மறைந்தது. அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. நடுவில் நிறுத்தப்பட்ட குரல் அசல் ஸ்டீரியோவிலும் மறையும். கிதாரும் பாங்கோவும் கூடவே மறைந்து, தூசியின் படபடப்பு மட்டும் நின்றதே என் சான்று.

இரு தட நாடா இருந்து, தட்டு வார்க்கும்போது ஒன்றாக்கப்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, இந்தச் சோதனை மட்டும் அதை முற்றிலும் மறுக்காது. ஆயினும் இரு தடம் கையிலிருக்க, அதைக் கலைத்து ஒற்றையாக்கிவிட்டு, லேபிளில் மட்டும் ஸ்டீரியோ என்று அச்சிடும் விநோதத்தை ஒரு வியாபாரக் கம்பெனியின் தலையில் ஏற்றுவதைவிட, அக்குறி பதிவைப் பற்றியதன்று, தட்டை எந்தப் பெட்டியில் ஓட்டலாம் என்பதைப் பற்றியது என்று கொள்வதே யுக்திக்குப் பொருந்துகிறது. மேலும் கீழும் வளைந்துகொடுக்காத பழைய மோனோ ஊசிகள் ஸ்டீரியோப் பள்ளத்தைச் சிதைத்த காலம் அது. வாங்குபவனுக்கு அபயமளிக்க வேண்டிய தேவை இருந்தது. 1928 முதல் கல்கத்தாவை அடுத்த டம்டமில் நடந்த எச்.எம்.வி. தொழிற்சாலை, பீட்டில்ஸ் பாடல்களைக்கூட 78 சுற்று அரக்குத் தட்டில் அச்சிட்டது என்பதையும் மறத்தலாகாது. பழைய பெட்டிகளை நம்பியிருந்த சந்தை அது.

அமெரிக்காவில் 1968-ஐ ஒட்டி மோனோ எல்.பி.க்கள் கைவிடப்பட்டபோது, பழைய ப்ளூஸ் பதிவுகள் பலவும் கீழ்ஸ்தாயி ஒருபுறமும் மேல்ஸ்தாயி மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டுப் போலி ஸ்டீரியோவாக வெளிவந்தன. நாமக்கல் தட்டில் அந்த வித்தையும் இல்லை. அதன் லேபிளில் ஆண்டு அச்சிடப்படாமையால், எழுபதுகள் என்பதற்கு மேல் நுணுக்கிச் சொல்ல நான் துணியேன். தமிழ்த் திரைப்பாடலில் ஸ்டீரியோப் பதிவு 1978-இல் வந்த 'ப்ரியா'விலிருந்து தொடங்குவதாகப் பொதுவாகக் கூறப்படுவதை மாற்றுவதற்கு, இந்தச் சாய்கோடு போதாது. அன்பரின் பட்டியலில் சேலத்துப் பாடல்களுக்கு எதிரே உள்ள 'ஸ்டீரியோ' என்பதை, இரு தட நாடா ஒன்றை எவரேனும் கொண்டுவந்து காட்டும்வரை, 'மோனோ' என்றே திருத்த வேண்டும்.