வெள்ளி இரவு எங்கே போனது?



தரம் 6இல் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், வியாழக்கிழமை ராவை எங்கட உம்மம்மா ஏன் வெள்ளி ராவு எண்டு சொல்றா?" வகுப்பே சிரித்தது. உம்மம்மா சொல்வதுதான் சரி. நமது கணக்கில் நாள் மஃரிபோடு தொடங்குகிறது. றமழான் பிறை கண்ட இரவே தராவீஹ் தொழுவதும் அதனால்தான். இது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நமது கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அதனால் உம்மம்மா, பெரியம்மா, சாச்சி எல்லோருடைய வீடுகளும் ஒரே வளவுக்குள் அல்லது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தன. வியாழன் பின்னேரம் வீடு கூட்டி, சாம்பிராணி போட்டு, மஃரிப் தொழுத கையோடு பாய் விரிப்பார்கள். யாசீன் ஓதி முடிய சஹனில் சோறு வரும். ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர். யார் பசியோடு இருக்கிறார், யார் முகம் வாடியிருக்கிறது என்று தெரிய அதைவிட நல்ல இடம் கிடையாது. (யாசீன் ஓதலாமா, கஹ்பு மட்டும்தானா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கீழே தொடங்க வேண்டாம். அது வேறு நாளைக்கு.)

ஏன் வெள்ளிப் பகலை விட்டு வியாழன் மாலையைப் பிடித்தார்கள்? வாரத்தின் சாவி நம் கையில் இருக்கவில்லை. ஞாயிறு விடுமுறை ஐரோப்பியர் ஆட்சியோடு வந்தது. வெள்ளியை முழுநாள் ஓய்வாக்கும் கட்டளை மார்க்கத்திலும் இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கலைந்து போய் அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது குர்ஆன். கடைக்காரர் கடைக்கும் விவசாயி வயலுக்கும் திரும்பினார்கள். வெள்ளிப் பகல் பள்ளிவாசலுக்கும் வேலைக்குமாகப் போனது. வீட்டுக்கு மிஞ்சியது அதற்கு முந்திய இரவு. அதற்கு எவரிடமும் லீவு கேட்கத் தேவையில்லை.

இதன் பெறுமதி 1966இல் தெரிந்தது. டட்லி சேனநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறை வேலை நாட்களாக்கி, போயாவையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறையாக்கியது. மாதத்துக்கு நான்கு போயா. பிறை மாதமோ ஏறத்தாழ 29½ நாள். நாலாகப் பிரித்தால் ஏழை விடக் கொஞ்சம் கூட வரும். எனவே ஒரு தடவை ஏழு நாளில், இன்னொரு தடவை எட்டு நாளில் விடுமுறை வரும். இன்று செவ்வாயில் வந்தால் பிறகு புதனில். 1971இல் ஸ்ரீமாவோ அரசாங்கம் ஞாயிறைத் திரும்பக் கொண்டுவந்தது. முழுமதிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. அந்த ஐந்தாறு வருடமும் அலுவலகமும் பாடசாலையும் சந்திரனுக்குப் பின்னால் ஓடின. வெள்ளி இரவு தன் இடத்தை விட்டு அசையவில்லை.

ஆக, அரசாங்கத்தால் அசைக்க முடியாததை யார் அசைத்தது?

எழுபதுகளின் கடைசியில் வாப்பாமார் அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். வாப்பாவின் குரல் முதலில் கெசட்டில் வந்தது, பிறகு போனில். அங்கே வெள்ளி விடுமுறை என்பதால் இங்கும் வெள்ளி என்றால் வாப்பாவின் அழைப்புக்குக் காத்திருக்கும் நாள் என்றானது. பின்பு உம்மாமாரும் உத்தியோகத்துக்குப் போனார்கள். இடமாற்றம் வந்தது, வளவு பிரிந்து மதில் எழும்பியது. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் கடைசி அடியை அடித்தது டியூஷன். வியாழன் மஃரிபுக்குப் பிறகு கணிதம், இஷாவுக்குப் பிறகு விஞ்ஞானம். அந்த வகுப்புகளை நடத்துபவர்கள் நாங்கள்தான். எங்கள் பிள்ளை யாரோ ஒரு சேரின் வகுப்பில், யாரோ ஒருவரின் பிள்ளை எங்கள் வகுப்பில்.

2022 ஜூனில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். பாட்டன் காலத்தில் கிடைக்காத வெள்ளி விடுமுறை கையில் வந்தது. அதைப் பெற்றோல் வரிசையில் கழித்தோம்.

இந்த வருடம் எங்கள் வியாழன் வகுப்பைச் சனி காலைக்கு மாற்றினோம். நான்கு பிள்ளைகள் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். வருமானம் குறைந்தது, மறைக்கவில்லை. வீட்டிலும் முதல் வாரமே கேள்வி வந்தது: "இஸ்கூலால வந்து இன்னொரு சமையலா?" நியாயமான கேள்வி. பழைய வெள்ளி இரவின் சோற்றுக்குப் பின்னால் நாள் முழுக்க அடுப்படியில் நின்ற உம்மாமார் இருந்தார்கள். அதை நாங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. இப்போது வியாழன் இரவுக்குப் பாண், பருப்பு, சம்பல். பருப்பு மகனின் பொறுப்பு, சம்பல் வாப்பாவின் பொறுப்பு. சஹன் கழுவுவது மகள். போன்கள் அலுமாரிக்குள். ஓதி, சாப்பிட்டு, கதைத்து முடிய ஒரு மணித்தியாலம்கூட ஆவதில்லை. இரண்டு வாரம் தவறியும் இருக்கிறது. மூன்றாம் வாரம் மகன் தானாகப் பாயை விரித்திருந்தான்.

உங்கள் வீட்டில் வெள்ளி இரவு எப்படி இருந்தது, சஹனில் என்ன கறி இருந்தது, போயா வாரத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று பெரியவர்கள் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். தரம் 6க்கு வாசித்துக் காட்ட வேண்டும்.